மெக்சிகோவில் ஆளுங்கட்சி ஏன் தோற்றது என்பதைக் கண்டறியும் முறை

மெக்சிகோவில் ஆளுங்கட்சி தோற்கும் ஒவ்வொரு முறையும் மறுநாளே காரணம் சொல்லப்பட்டுவிடும்: ஊழல், விலைவாசி, வன்முறை. மூன்றும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவை முந்தைய தேர்தலின்போதும் இருந்தனவே, அப்போது அதே கட்சி எப்படி வென்றது என்று கேட்டால், அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. ஆகவே மெக்சிகோத் தேர்தல் ஒன்றை ஆராய முற்படுகிறவர் முதலில் இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்: மக்களின் கோபம் பிறந்த ஆண்டு ஒன்று, அந்தக் கோபம் ஆட்சியை மாற்றிய ஆண்டு மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று தேடுவதுதான் உண்மையான வேலை.

இந்த முறையைப் பழகிக்கொள்ள 2000ஆம் ஆண்டுத் தேர்தலைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1929 முதல் வெவ்வேறு பெயர்களில் ஆண்டுவந்த, பி.ஆர்.ஐ. எனப்படும் நிறுவனப் புரட்சிக் கட்சி, அவ்வாண்டு ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் பதவியை முதன்முறையாக இழந்தது. பான் எனப்படும் தேசியச் செயல் கட்சியின் விசெந்தே ஃபாக்ஸ் சுமார் 42.5 விழுக்காடும், பி.ஆர்.ஐ.யின் பிரான்சிஸ்கோ லாபாஸ்திதா சுமார் 36 விழுக்காடும் பெற்றனர். பொருளாதார நெருக்கடிதான் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2000இல் நாட்டின் பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது. கடன் நெருக்கடி வெடித்தது 1982இல். நாட்டின் நாணயமான பேசோவின் மதிப்பு சரிந்தது 1994 டிசம்பரில். அதன் விளைவாகப் பொருளாதாரம் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கியது 1995இல். கோபம் அங்கெல்லாம் பிறந்து, பல ஆண்டுகள் காத்திருந்தது.

அது எதற்காகக் காத்திருந்தது என்பதற்கு 1988 விடை தருகிறது. பி.ஆர்.ஐ.யிலிருந்து பிரிந்து வந்த குவாவ்தெமோக் கார்தெனாஸ் அந்தத் தேர்தலில் கடும் போட்டி கொடுத்தபோது, வாக்கு எண்ணிக்கை நடந்த இரவில் கணினி அமைப்பு நின்றுபோனதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் பி.ஆர்.ஐ. வேட்பாளர் சாலினாஸ் பாதிக்குச் சற்று மேலான வாக்குகளுடன் வென்றதாகச் சொல்லப்பட்டது. அன்று தேர்தலை நடத்திய அமைப்பின் தலைவர் உள்துறை அமைச்சரே. 1990இல் கூட்டாட்சித் தேர்தல் நிறுவனம் தோன்றியது. 1996 சீர்திருத்தத்தில்தான் அது அரசின் பிடியிலிருந்து விடுபட்டது. அடுத்த ஆண்டே பி.ஆர்.ஐ. கீழவையில் பெரும்பான்மையை இழந்து, 500 இடங்களில் 239உடன் நின்றது. கோபம் கூடியதைவிட, அதை எண்ணும் கை மாறியதே இங்கே பெரிய செய்தி என்பது என் கருத்து.

அடுத்து, தண்டிக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். மெக்சிகோவில் குடியரசுத் தலைவருக்கு ஆறு ஆண்டுகள் ஒரே ஒரு பதவிக்காலம்தான். மறுமுறை போட்டியிட அரசியலமைப்பு இடம் தருவதில்லை. எனவே வாக்காளர் யார்மீது சினம் கொண்டாரோ அவர் பெயர் வாக்குச்சீட்டில் இராது. கணக்கு வாரிசின்மேல் தீர்க்கப்படும். 2012இல் மீண்டும் ஆட்சியைப் பிடித்த பி.ஆர்.ஐ. 2018இல் நிறுத்திய ஹோசே அந்தோனியோ மீட் அதன் உறுப்பினர்கூட அல்லர். அமைச்சராக இருந்த பொருளியலாளர். கட்சியின் கறை படியாதவர் என்பதாலேயே நிறுத்தப்பட்டார். இகுவாலா நகரில் 43 மாணவர்கள் காணாமற்போனது, அன்றைய தலைவர் பெனியா நியெத்தோவின் மனைவி வாங்கிய ஆடம்பர வீட்டைப் பற்றிய சர்ச்சை, 2017 தொடக்கத்தில் பெட்ரோல் விலை ஒரே தாவலில் 20 விழுக்காடு வரை ஏறியது ஆகிய அனைத்தையும் அவரே சுமந்து, சுமார் 16 விழுக்காட்டுடன் மூன்றாம் இடத்தில் நின்றார். வேட்பாளரின் குறைகளை மட்டும் வைத்து இத்தகைய தோல்வியை விளக்கினால் ஆராய்ச்சி தடம் புரண்டுவிடும்.

மூன்றாவதாக, எதிர்ப்பு வாக்குகள் எங்கே குவிந்தன என்பதைக் கணக்கிடுங்கள். இரண்டாம் சுற்று என்பதே இங்கு இல்லை. ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலும் முதலிடம் பெற்றவரே வென்றவர். 2006இல் பானின் கால்தெரோன் இடதுசாரி வேட்பாளர் லோபஸ் ஒப்ரதோரை 0.6 விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் முந்தியபோது, வாக்களித்தோரில் ஏறக்குறைய மூவரில் இருவர் கால்தெரோனுக்கு வாக்களிக்கவில்லை. இகுவாலா நிகழ்வு நடந்தது 2014 செப்டம்பரில். ஆனால் 2015 ஜூனில், தலைவரின் பதவிக்கால நடுவே கீழவைக்கு நடந்த இடைக்காலத் தேர்தலில் பி.ஆர்.ஐ. சுமார் 29 விழுக்காட்டுடன் முதலிடம் பிடித்தது, ஏனெனில் இடதுசாரி வாக்கு பழைய கட்சியான பி.ஆர்.டி.க்கும் லோபஸ் ஒப்ரதோர் தொடங்கிப் புதிதாகப் பதிவான மோரேனா கட்சிக்கும் இடையே பிளந்திருந்தது. அடுத்த ஆண்டு 12 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல் நடந்தபோது பி.ஆர்.ஐ. ஏழு மாநிலங்களில் தோற்றது. அதுவரை ஒருபோதும் கைவிட்டிராத வெராகுரூஸ், தமௌலிபாஸ், துராங்கோ, கின்தானா ரோ ஆகிய நான்கும் அந்த ஆண்டு போயின. அவற்றுள் சிலவற்றில் வலதுசாரிப் பானும் இடதுசாரி பி.ஆர்.டி.யும் கைகோத்திருந்தன. ஓராண்டுக்குள் கோபம் இருமடங்கானதாக நான் நம்பவில்லை. அது வந்து இறங்க ஓரிடம் கிடைத்தது.

எண்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. ஒரே வேட்பாளரைப் பல கட்சிகள் நிறுத்தலாம், வாக்குச்சீட்டில் ஒவ்வொரு கட்சியின் சின்னமும் தனியே இருக்கும் என்பதால், கூட்டணியைக் கூட்டணியோடு ஒப்பிடுவது ஏமாற்றும். பசுமைக் கட்சி 2000இல் ஃபாக்ஸுடன், 2006இலும் 2012இலும் 2018இலும் பி.ஆர்.ஐ.யுடன், 2024இல் மோரேனாவுடன் நின்றது. (வெல்லும் பக்கத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில் அக்கட்சிக்கு இணையில்லை, 2006உம் 2018உம் மட்டுமே விதிவிலக்கு.) எனவே கட்சிவாரியாகப் பிரித்த, மாவட்ட அளவில் இறுதியாகக் கூட்டப்பட்ட எண்களையே பயன்படுத்துங்கள், தேர்தல் இரவில் ஓடும் முதற்கட்ட முடிவுகளை அல்ல.

தேசியக் கோபத்தையும் உள்ளூர்க் கோபத்தையும் கலந்துவிடாமல் இருக்க, 2021 ஜூன் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் ஆட்சிக்கு வந்திருந்த மோரேனா அன்று 15 ஆளுநர் பதவிகளில் 11ஐ வென்றது. அதே நாளில், அதன் கோட்டை எனப்பட்ட மெக்சிகோ நகரின் 16 வட்டாரங்களில் ஒன்பதில் எதிரணியிடம் தோற்றது. ஒரு மாதத்துக்கு முன், மே 3 அன்று, நகரின் மெட்ரோ 12ஆம் தடத்தின் மேம்பாலம் இடிந்து 26 பேர் இறந்திருந்தனர். நாட்டு அளவிலான கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவருக்கு இந்த இரண்டு கதைகளில் ஒன்று தெரிந்தேயிராது.

விலகிய வாக்காளர் புதியவரைத்தான் நாடுவார் என்ற முன்முடிவையும் விட்டுவிட வேண்டும். 2012இல், போதைப்பொருள் கும்பல்களுக்கு எதிராகக் கால்தெரோன் இராணுவத்தை இறக்கியபின் பெருகிய கொலைகளால் வெறுத்த மக்கள், பானை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாங்களே வெளியேற்றிய பி.ஆர்.ஐ.யைத் திரும்ப அழைத்தார்கள்.

உங்கள் விளக்கம் தேறுமா என்று பார்க்க, ஆளுங்கட்சி தோற்காத தேர்தல் ஒன்றில் அதைப் பொருத்திப் பாருங்கள். வன்முறை ஆட்சியைக் கவிழ்க்கும் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், 2024 அதை உடைத்துவிடும்: ஆண்டுக்கு 30,000 கொலைகள் என்ற அளவு நீடித்த நிலையிலும் மோரேனாவின் கிளாடியா ஷெயின்பாம் ஏறத்தாழ 60 விழுக்காடு பெற்றார். அந்த ஆறு ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதிக்குரிய குறைந்தபட்ச நாட்கூலி 88.36 பேசோவிலிருந்து 248.93 பேசோவாக உயர்ந்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 6,000 பேசோ வந்தது. எதிரே நின்ற சோச்சில் கால்வெஸை நிறுத்தியவை பானும் பி.ஆர்.ஐ.யும் பி.ஆர்.டி.யும், அதாவது வாக்காளர் 2012இலும் 2018இலும் அடுத்தடுத்துத் தண்டித்திருந்த இரண்டு ஆளுங்கட்சிகள் அவருடைய பின்னால் ஒரே மேடையில் நின்றன. அச்சம் இருந்தது, ஆனால் சேர இடம் இல்லை. 2015க்குச் சொன்ன விளக்கம் இங்கும் பொருந்துகிறது; 2000க்குச் சொன்னது, அதாவது எண்ணும் கை மாறியது என்பது, இங்கு எதையும் விளக்குவதில்லை.

அடுத்து 2027இன் இடைக்காலத் தேர்தலுக்கு இதே முறையைப் பயன்படுத்த விரும்புகிறவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: 2024இன் முடிவுகளைக் கட்சிவாரியாகவும் வாக்குச்சாவடிவாரியாகவும் இறக்கிச் சேமித்துக்கொள்வது, கூடவே நகர்ப்புறப் பாதுகாப்பு பற்றிப் புள்ளியியல் நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிடும் ஆய்வில் தாம் கவனிக்கும் நகரங்களின் எண்களைத் தேதியுடன் குறித்துவருவது. கோபம் பிறந்த தேதியைத் தேர்தல் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால், அது எப்போதும் தேர்தலுக்கு மிக அருகிலேயே வந்து நிற்கும்.