ஆக்கியாவின் மென்சவ்வும் கிளிசரோலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனையிறவு உப்பளத்தைக் கண்ணெதிரே வைத்திருக்கும் எங்கள் வன்னி மாணவர்கள்கூட, உப்பு விரும்பி ஆக்கியாக்களைப் (பற்றீரியாவைப் போலத் தோன்றினாலும் தனி வகையான ஒற்றைக்கல நுண்ணுயிர்கள்) பற்றி எழுதும்போது, மென்சவ்வின் இலிப்பிட்டுகளில், அதாவது கொழுப்பு மூலக்கூறுகளில், சங்கிலி கிளிசரோலோடு இணையும் விதத்தைக் குறித்து ‘ஆக்கியாவில் ஈதர் பிணைப்பு, பற்றீரியாவில் எசுத்தர் பிணைப்பு’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை மட்டும் எல்லைக்கோடாகக் கொள்வது தவறு. ஈதர் இலிப்பிட்டுகள் சில பற்றீரியாக்களிலும், பிளாசுமலோசன் எனும் இலிப்பிட்டு வடிவில் நமது மூளையிலும் இதயத்திலும்கூட உள்ளன. கொழுப்பமிலத்துக்குப் பதிலாக ஐசோப்பிரீன் எனும் ஐந்து காபன் அலகுகளால் ஆன கிளைத்த சங்கிலியும், அதனைத் தாங்கும் கிளிசரோல்-1-பொசுபேற்றும் (பற்றீரியாவில் இருப்பது கிளிசரோல்-3-பொசுபேற்று) சேர்ந்தே ஆக்கியாவை அடையாளம் காட்டுகின்றன.

இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. கிளிசரோல் சமச்சீரானது, ஆகவே மூலக்கூற்றைத் திருப்பிப் பிடித்தால் முனைக் காபன் 1 என்பது மறுமுனைக் காபன் 3 ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். ஒரு முனையில் பொசுபேற்று ஏறியவுடன் நடுக் காபனில் நான்கு வேறுபட்ட கூட்டங்கள் அமைந்துவிடுவதால், கிளிசரோல்-1-பொசுபேற்றும் கிளிசரோல்-3-பொசுபேற்றும் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத ஆடி விம்பங்களாகின்றன. அவற்றை உருவாக்கும் நொதியங்களும் வெவ்வேறானவை.

உட்கொண்ட கிளிசரோல் நேரே மென்சவ்வுக்குப் போகிறது என்று எழுதுவதும் தவறு. உப்பளங்களில் தூனலியெல்லா என்னும் அல்கா, உப்பின் அழுத்தத்தைச் சமாளிக்கக் கிளிசரோலைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கிளிசரோலை ஹலோபெராக்ஸ் வொல்கானி போன்ற ஆக்கியாக்கள் விரும்பி உண்கின்றன. உண்ணும்போது அது முதலில் கிளிசரோல்-3-பொசுபேற்றாகி, பின் ஒட்சியேற்றப்பட்டு இருஐதரொட்சி அசற்றோன் பொசுபேற்றாகிறது. இந்தச் சந்தியிலிருந்து ஒரு பாதை சக்திக்காகப் பைருவேற்றை நோக்கிச் செல்ல, மற்றது தாழ்த்தப்பட்டு மென்சவ்வுக்குரிய கிளிசரோல்-1-பொசுபேற்றைத் தருகிறது. இதற்கு அழகான சான்றொன்று உண்டு: நடுக் காபனிலுள்ள ஐதரசனை அடையாளமிட்ட கிளிசரோலைக் கொடுத்து வளர்த்தபோது, அந்த அடையாளம் மென்சவ்வின் இலிப்பிட்டில் எஞ்சவில்லை. நடுக் காபன் இடையில் கீற்றோனாக (இருஐதரொட்சி அசற்றோன் பொசுபேற்றில் உள்ளதுபோல ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புக் கொண்டதாக) மாறாமல் அந்த ஐதரசன் நீங்கியிருக்காது.

எல்லா ஆக்கியாக்களுக்கும் ஒற்றை அடுக்கு மென்சவ்வே எனப் பொதுமைப்படுத்தவும் கூடாது. மென்சவ்வைக் குறுக்கே கடந்து அதை ஒற்றை அடுக்காக்கும் 40 காபன் சங்கிலிகள் சல்பலோபசு போன்ற வெப்ப விரும்பிகளிலும், கடலில் அமோனியாவை ஒட்சியேற்றும் ஆக்கியாக்களிலும் உள்ளன. உப்பு விரும்பிகளின் மென்சவ்வோ பெரும்பாலும் 20 காபன் சங்கிலிகள் இரண்டைக் கொண்ட ஆக்கியோலால் ஆன ஈரடுக்கே.