திருகோணமலைக் கோட்டைக்கு ஒரு நாள்: எப்போது ஏறுவது, எங்கே நிற்பது

கோட்டை பார்க்க என்று வந்து, வான் வண்டியில் நேரே, கோட்டைக்குள் உச்சியில் இருக்கும் கோணேசர் கோயிலடியில் இறங்குகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பதேயில்லை. வாசலிலிருந்து கோயில்வரை போகும் அந்த ஏற்றம்தான் கோட்டை. வாகனத்தை வெளியே விட்டு நடங்கள். நிதானமாக ஏறினால் 20, 25 நிமிடம். முழங்கால் நோவுள்ளவர்கள் மட்டும் ஓட்டோவில் மேலே போகட்டும்.

காலை 7 மணிக்கு வாசலில் நிற்பது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அனலாக வீசும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போகவேண்டும் என்பதால், 10 மணிக்குப் பிறகு வருகிறவர்கள் சூட்டுக் கல்லில் துள்ளித் துள்ளித்தான் நடக்கிறார்கள். மார்கழியை ஒட்டி வந்தால் வாடை மழை. குடை காற்றில் மடங்கிவிடும், மழைக்கோட்டு கொண்டுவாருங்கள்.

வாசலைக் கடக்கும்போது அவசரப்படாதீர்கள். போர்த்துக்கீசர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1620களில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1803இல் பிரெட்ரிக் என்ற பெயரும் ஏறியது; அது மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் யோர்க் கோமகனின் பெயர். மேலே பிரித்தானிய அரச இலச்சினை எல்லார் கண்ணுக்கும் படும். படாதது கீழே நிலைக்கல்லில் இருக்கிறது: இரட்டைக் கயல் சின்னமும், பழைய கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னனைப் பற்றி 'முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியை' என்று தொடங்கும் கல்வெட்டின் சிதைந்த வரிகளும். நேரே பார்த்தால் வெறும் சொரசொரப்புத்தான். ஓரமாக நின்று, கைபேசி வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வாகனம் வரும் குறுகிய வாசல், கவனம்.

உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. படையினரையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே விடுங்கள். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆதர் வெல்லெஸ்லி 1800இல் தங்கிய பங்களாவும் கோட்டைக்குள்தான். வழியெங்கும் புள்ளிமான்கள் ஆடுமாதிரி அலையும். தீனி கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக் கொடுங்கள், சொப்பிங் பையோடு நீட்டாதீர்கள். பழத்தின் வாசனைக்குப் பையையும் சேர்த்து விழுங்கிவிடும்; அது வயிற்றில் அடைத்துக்கொண்டால் மான் செத்துப்போகும்.

கோயிலில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; ஆண்கள் உள்ளே மேற்சட்டையைக் கழற்றவேண்டும். மதியப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், மாலைவரை திறக்காது. 11 மணிக்கு மேல் கிளம்பி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர்கள் தினமும் உண்டு. தரிசனம் முடிந்ததும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் போய், கம்பிவேலிக்கு இப்பால் நின்று கீழே பாருங்கள். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று சம்பந்தர் பாடியதற்கு உரை தேவைப்படாது. பிள்ளைவரம் கேட்டு மரத்தில் கட்டிய சிறு தொட்டில்களும் அங்கே தொங்கும். அவற்றைத் தொடாமல் போவது மரியாதை.

கீழே இறங்கியதும் வெயில் ஏறியிருக்கும். பழைய ஒல்லாந்தர் கட்டிடத்தில் இருக்கும் கடற்படை அருங்காட்சியகம் அந்த நேரத்துக்குச் சரி. மதியம் டவுனில் மீன்கறிச் சோறு. சாப்பிட்ட கையோடு கடலில் இறங்க வேண்டாம்.

3 மணியளவில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாம். அநுராதபுர வீதியில் சுமார் 8 கிலோமீற்றர். ஓட்டோ என்றால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறும் முன்பே கூலி பேசுங்கள். ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறங்கிக் குளிக்கும் இடமல்ல, வாளியால் அள்ளி ஊற்றவேண்டும். முதலில் காலில் ஊற்றிப் பாருங்கள். எடுத்ததும் தலையில் கவிழ்க்கிறவர்களின் கூச்சல்தான் அங்கே அதிகம் கேட்பது. கிணறுகள் ஆழமில்லை, கூட்டம் சேர்ந்தால் நீர் கலங்கும். விடுமுறை நாட்களைத் தவிருங்கள். மாற்று உடுப்பும் துவாயும் மறக்கவேண்டாம். சவர்க்காரம் வேண்டாம்.

புறாத்தீவையும் இதே நாளில் திணிக்காதீர்கள். நிலாவெளிவரை போய்ப் படகு பிடிக்கவேண்டும். அது தனி நாள்.

மாலையில் டச்சு விரிகுடாக் கரையில் காற்று நன்றாக இருக்கும், ஆனால் அங்கே சூரியன் கடலில் மறையாது, அது கிழக்குப் பக்கம். அந்திச் சிவப்பைப் பார்க்க உட்துறைமுக வீதிக்குப் போங்கள். கச்சான் (நிலக்கடலை) சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு நீரோரம் இருந்தால் போதும். பத்திரகாளி அம்மன் கோயில் மாலைப் பூசைக்கும் அங்கிருந்து போய்விடலாம். இரவு ரயிலில் கொழும்பு திரும்புகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்பவேண்டும். ஆசனத்தைப் புறப்படும் நாளில் தேடாமல் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள்.