கடை போன் ஓயாமல் அடிக்கிறதா? லைன் பிசியானால் இன்னொரு போனுக்கு மாற்றிவிடலாம்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர் தேக்கா பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குப் போனைக் கீழே வைக்க நேரமிருக்காது. எங்கள் அக்காவின் பலகாரக் கடையிலும் அதே கதைதான், ஒருவர் முறுக்குக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னும் ரெண்டு பேர் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இதற்குப் புது இணைப்பெல்லாம் வேண்டாம். இன்னொரு கைப்பேசி இருந்தால் போதும்.

முதலில் கடை போனில் எண் அடிக்கும் இடத்துக்குப் போய் **67*எண்# என்று அடித்து அழையுங்கள். ‘எண்’ என்ற இடத்தில் இரண்டாவது போனின் எண், முன்னால் +65 சேர்த்து. பதிவானதாகத் திரையில் செய்தி வரும்.

இப்போது சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவது போன் அடிக்காது. நானும் இங்கேதான் முழித்தேன். கால் வெயிட்டிங் (பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பை உள்ளே விடும் வசதி) ஓடிக்கொண்டிருக்கும்வரை நெட்வொர்க்கின் கணக்கில் உங்கள் போன் பிசியே கிடையாது, அடுத்த அழைப்பும் உங்கள் காதிலேயே வந்து பீப் அடிக்கும், மற்ற போனுக்குத் தாவாது. அதனால் #43# அடித்து அதை நிறுத்துங்கள். நின்றதா என்று பார்க்க *#43#. அப்படியும் பீப் கேட்டால் போனின் அழைப்பு செட்டிங்ஸிலும் ஒருமுறை பாருங்கள், 4ஜி வழியாகப் பேசும் சில போன்களில் கால் வெயிட்டிங் போனுக்குள்ளேயேதான் இருக்கிறது.

யாரும் எடுக்காத அழைப்புக்கு **61*எண்**15#. அந்த 15 வினாடிக் கணக்கு. 5 முதல் 30 வரை ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொள்ளலாம். நட்சத்திரம் இரண்டு சேர்ந்து வருவதைக் கவனியுங்கள், ஒன்றை விட்டால் வேலை செய்யாது. பண்டிகை முடிந்ததும் ##002# அடித்தால் அழைப்பு மாற்றுவதெல்லாம் நின்றுவிடும், கால் வெயிட்டிங் திரும்ப வேண்டுமென்றால் *43#.

ஐபோன் செட்டிங்ஸில் தெரியும் கால் ஃபார்வர்டிங்கைத் தொடாதீர்கள், அது எல்லா அழைப்பையும் அப்படியே தள்ளிவிடும், கடை போன் அடிக்கவே அடிக்காது. மாற்றிவிடும் அழைப்பின் நிமிடங்கள் கடை போன் கணக்கில்தான் கழியும், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், அடிப்பதெல்லாம் வாடிக்கையாளர் இல்லை. 2020 ஏப்ரல் 15 முதல் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் அழைப்புகளுக்கு முன்னால் + குறி வருகிறது. உள்ளூர் அழைப்புக்கு அது வராது. ஆகவே +65 என்று காட்டிக்கொண்டு ‘போலீஸ் பேசுகிறோம்’ என்றால் வைத்துவிடுங்கள். மோசடி அழைப்பைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு ஆப் போட்டுக்கொள்ளுங்கள், சந்தேகம் என்றால் மோசடி உதவி எண் 1799-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். நம் தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு போகும் ‘யார் அழைக்கிறார்’ ஆப்களை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை.

பின்சேர்க்கை: இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் எந்த சிம்மிலிருந்து குறியீட்டை அனுப்புகிறோம் என்று பாருங்கள், தவறான சிம்மில் போய்ப் பதிவாகிவிடுகிறது. இரண்டாவது போனில் குரலஞ்சல் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆர்டர் எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.