சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா? ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் விரித்திருக்கும் இடத்தில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வால்வு செட் வைத்திருப்பவர் கை சும்மா இருக்காது. ஒன்பது பின் இருக்கிறதா? இருக்கிறது. நம் சாக்கெட்டில் உட்காருமா? உட்காரும். அப்புறம் என்ன, பேரம் பேசி வாங்கியாயிற்று. வால்வு செட்டுகளில் வரும் சேதத்தில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாக்கெட்டுக்குப் பொருந்துவது வேறு, சர்க்யூட்டுக்குப் பொருந்துவது வேறு.

வால்வின் பெயரில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுத்தை விட்டுவிடுவது முதல் தவறு. ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது உள்ளே சூடேறும் கம்பியை, பற்றிச் சொல்லிவிடும். ‘ஈ’ (E) என்றால் 6.3 வோல்ட். ‘பி’ (P) என்றால் 300 மில்லி ஆம்பியர், ‘யு’ (U) என்றால் 100 மில்லி ஆம்பியர். பின்னவை இரண்டும், எல்லா ஹீட்டரையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து ஓட்டும் டிவி, ரேடியோக்களுக்காகச் செய்தவை. ஈசிஎல்82, பிசிஎல்82, யுசிஎல்82 மூன்றும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே வால்வுதான். ஆனால் ஹீட்டருக்கு முறையே 6.3, 16, 50 வோல்ட் வேண்டும். ஈசிஎல்82 இருந்த இடத்தில் பிசிஎல்82-ஐச் சொருகினால் ஹீட்டர் சரியாகச் சூடேறாது, பாட்டு முனகும் அல்லது வரவே வராது. ‘வால்வு வீக்’ என்று தூக்கிப் போடுவார்கள். அதில் ஒரு கோளாறும் இருக்காது. புதுச்சேரி பிரெஞ்சுத் தொடர்பு உள்ள ஊர் என்பதால் பிரான்சிலிருந்து வந்த செட்டைப் பிரித்த ‘யு’ வரிசை வால்வும் கைக்கு வரலாம். எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஈசிசி83, ஈசிசி82, ஈசிசி81 மூன்றுக்கும் பின் வரிசை ஒன்றே. மாற்றிச் சொருகினால் உடனே எதுவும் எரியாது என்பதால் பலர் துணிந்து மாற்றுகிறார்கள். ஆனால் பெருக்கும் திறன் 83-க்கு 100, 81-க்கு சுமார் 60, 82-க்கு 20-க்கும் கீழே. இழுக்கும் கரண்டும் வேறு. சத்தம் குறைவதோடு நிற்காது, வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே கொடுக்கும் ஃபீட்பேக்கின் கணக்கும் கெட்டு ஒலியே மாறிவிடும். ஈசிசி88 இந்தக் குடும்பமே இல்லை. அதற்கு ஹீட்டர் இணைப்பு வேறு, பிளேட்டுக்கு (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) 130 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 12ஏஎக்ஸ்7 என்று எழுதியிருப்பது ஈசிசி83-க்கு அமெரிக்கப் பெயர், அதில் பயம் வேண்டாம்.

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வில் கை வைக்கும்போது பணமும் பெரிது, ஆபத்தும் பெரிது. 6எல்6ஜிசி இருந்த இடத்தில் ஈஎல்34 போடலாமா என்று கேட்பார்கள். 6எல்6ஜிசி ஹீட்டருக்கு 0.9 ஆம்பியர், ஈஎல்34-க்கு 1.5 ஆம்பியர். நான்கு வால்வு இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் 2.4 ஆம்பியர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்கென்று சுற்றாத ட்ரான்ஸ்ஃபார்மர் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். அதோடு ஈஎல்34-இல் முதல் பின் ஒரு கிரிட் (வால்வுக்குள் உள்ள கம்பி வலை), அதை எட்டாவது பின்னோடு சேர்க்க வேண்டும். 6எல்6-க்காகச் செய்த சாக்கெட்டில் அந்த இணைப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரே ரக வால்வைப் போட்டாலும் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று வைக்கும் அளவு, பார்க்காமல் விடக் கூடாது. கேத்தோடில் (எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) ரெசிஸ்டன்ஸ் வைத்த கேத்தோடு பயாஸ் சர்க்யூட் ஓரளவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். நெகட்டிவ் வோல்ட்டேஜ் தனியாகக் கொடுக்கும் ஃபிக்ஸ்டு பயாஸ் அப்படியில்லை. ஈஎல்34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டைத் தாண்டாமல் வைப்பது, அவுட்புட் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் செட்டுகளில் வழக்கம். பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு சுமார் 44 மில்லி ஆம்பியர். ‘போன தடவை வைத்த இடத்திலேயே இருக்கட்டும்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஜோடி பொருந்தாத வால்வுகளில் ஒன்று அதிகமாக இழுக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறி பாஸ் குழறும்.

அவுட்புட் வால்வின் பிளேட் சிவக்கிறது, புதிது வாங்கிப் போடுகிறார்கள், ஒரு வாரத்தில் அதுவும் சிவக்கிறது. இதை அடிக்கடி பார்க்கலாம். குற்றவாளி பெரும்பாலும் வால்வு இல்லை, அதற்கு முன்னால் இருந்து, டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் அனுப்பும் கப்ளிங் கண்டென்சர். கடலூர், புதுச்சேரி ஈரக்காற்றில் பழைய பேப்பர் கண்டென்சர்கள் கசிவது சகஜம். கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறும், வால்வு கட்டுக்கடங்காமல் இழுக்கும். ஈஎல்34 சாக்கெட்டில் சிக்னல் வரும் இந்த கிரிட் ஐந்தாவது பின். அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு அந்தப் பின்னில் டிசி பார்க்க வேண்டும். கேத்தோடு பயாஸ் செட்டில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும், ஃபிக்ஸ்டு பயாஸில் நெகட்டிவ் மட்டுமே. சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால் முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், பிறகு வால்வு வாங்கலாம். வால்வு இல்லாதபோது சப்ளை வோல்ட்டேஜ் இன்னும் மேலே போகும், சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர் இதைத் தொட வேண்டாம், பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர் பார்த்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வை ‘கொஞ்சம் நல்லதாக’ மாற்றுகிறேன் என்று 5ஒய்3-ஐக் கழற்றி ஜிஇசட்34 போடுவதும் உண்டு. ஜிஇசட்34 தனக்குள் இழக்கும் வோல்ட்டேஜ் மிகக் குறைவு. அதனால் செட் முழுவதற்கும் வோல்ட்டேஜ் கூடும், பழைய கண்டென்சர்கள் வெடிக்கக்கூடும். அந்த இடத்தில் எது இருந்ததோ அதுவே போதும்.

பெட்டியின் மேல் உள்ள பெயருக்குப் பணம் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் வால்வு செய்த பழைய முல்லார்ட் வேறு, இன்று அதே பெயரில் ரஷ்யாவின் சராடோவில் செய்யப்படுவது வேறு. இன்றையது மோசமில்லை, பழையதன் விலை கொடுப்பதுதான் தப்பு. கண்ணாடியில் அச்சிட்ட பெயரை யார் வேண்டுமானாலும் திரும்ப அச்சிடலாம், உள்ளே இருக்கும் பிளேட்டின் வடிவத்தை மாற்ற முடியாது. அதை அசல் வால்வின் படத்தோடு ஒப்பிடுங்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகளை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இளக்காரம் புரிவதில்லை. எந்தப் பெயராக இருந்தாலும், உள்ளே வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கரகரப்பு வந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உள்ள வீடுகளில் உப்புக்காற்று பட்டு பின்னும் சாக்கெட்டும் கறுத்துவிடும். செட் குளிர்ந்து, சார்ஜ் முழுக்க இறங்கிய பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கடைசியாக வீட்டு மின்சாரம். ஐரோப்பிய செட்டுகளின் பின்னால் இருக்கும் வோல்ட்டேஜ் செலக்டர் 220-இல் இருக்க, நம் வீட்டில் நள்ளிரவில் 245 வோல்ட் வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் எந்தப் புது வால்வின் ஆயுளும் குறையும். செலக்டரில் 240 அல்லது 245 இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு நல்ல ஸ்டெபிலைசர், புது வால்வுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே.