தபால்வழி ரிபேட்டில் ரேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு விலையைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொண்டு, படிவத்தையும் ரசீதின் நகலையும் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த பார்கோடையும் தபாலில் அனுப்பிவைத்தால், சில வாரங்கள் கழித்து விலையில் ஒரு பகுதி காசோலையாகத் திரும்பி வரும் மெயில்-இன் ரிபேட் முறை, 2000களில் அமெரிக்கக் கணினிக் கடைகளில் மிகப் பரவலாக இருந்தது. இன்று அது குறைந்துவிட்டாலும் அடியோடு மறைந்துவிடவில்லை. வாங்கியவர்களில் கணிசமானோர் படிவத்தை அனுப்ப மறந்துவிடுவார்கள் என்ற கணக்கும் சேர்ந்துதான் அந்தத் தள்ளுபடி அவ்வளவு தாராளமாக அறிவிக்கப்படுகிறது என்பது என் கருத்து.

பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையே விலையென்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. 59.99 டாலர் ரேமுக்கு (கணினியின் நினைவக அட்டைக்கு) 30 டாலர் ரிபேட் என்றால் விளம்பரம் 29.99 என்றே சொல்லும். ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி ரிபேட்டுக்கு முந்தைய விலைக்கே விதிக்கப்படுவதால், 8 சதவீத வரியுள்ள ஊரில் 4.80 டாலர் கூடுதலாகப் போய்விடும். தபால்தலைச் செலவு தனி. பக்கத்துக் கடையில் ரிபேட் எதுவுமின்றி 36 டாலருக்குக் கிடைக்கும் ரேம், இந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் மலிவானதே.

எல்லாவற்றையும்விட அதிக நஷ்டம் தருவது, ரேமைச் சோதித்துப் பார்க்கும் முன்பே பார்கோடை வெட்டிவிடுவதுதான். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அட்டையின் பின்புறத்தில் கத்தரிக்கோல் பட்டுவிட்டால், பல கடைகள் அந்தப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. நான் ஒருமுறை வீட்டுக்கு வந்த அன்றே ஆர்வத்தில் பார்கோடை வெட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் இரண்டு ரேம்களில் ஒன்று பழுது என்று கண்டுபிடித்தேன். கடைக்காரர் அட்டையிலிருந்த ஓட்டையைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். எனவே மெம்டெஸ்ட்86 போன்ற ரேம் சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, பிழை ஏதுமில்லை என்று உறுதியான பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். அதே சமயம் படிவத்தில் குறித்திருக்கும் தபால் முத்திரைக் கெடுவையும் தாண்டிவிடக் கூடாது என்பதால், வாங்கிய அன்றே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

பொருந்தாத ரேமை வாங்குவதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு தலைமுறை ரேம்களுக்குமே 240 பின்கள் (இணைப்பு முனைகள்)தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. தள்ளுபடி பெரிதாகத் தெரிகிறதே என்று வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

படிவத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தையும் படிக்காமல் விடக் கூடாது. ஒரு முகவரிக்கு ஒரே ரிபேட் என்ற நிபந்தனை இருக்கும்போது இரண்டு செட் வாங்கினால், இரண்டாவதற்கு முழு விலை கொடுத்ததாகவே முடியும். அனுப்பும் ஒவ்வொரு தாளையும், பார்கோடு உட்பட, நகலெடுத்து வைக்காதவர்கள் பின்னர் முறையிடும்போது காட்ட ஆதாரமின்றித் தவிப்பார்கள்.

பணம் தர வேண்டியது யார் என்று பாராமல் கடையின் பெயரை மட்டும் நம்புவதும் தவறு. கியூபிஎஸ் என்ற தயாரிப்பாளர் அறிவித்த ரிபேட்டுகள் உரிய காலத்தில் போய்ச் சேராததற்காக, அவற்றை விளம்பரப்படுத்தி விற்ற காம்ப்யூஎஸ்ஏ கடைத்தொடர் மீதும் 2005இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கேள்விப்படாத தயாரிப்பாளரின் 50 டாலர் வாக்குறுதியைவிட, கடையிலேயே கழித்துத் தரும் 20 டாலர் மேல்.

இறுதியாக, வரும் காசோலை பெரும்பாலும் உறைகூட இல்லாத அஞ்சலட்டை வடிவில், கூப்பன் தாள்களுக்கு நடுவே குப்பைத் தபாலைப் போலவே வந்து சேரும். படிவத்தை அனுப்பிய பிறகு வரும் எந்த அட்டையையும் திருப்பிப் பார்க்காமல் தூக்கி எறியக் கூடாது. கிடைத்ததும், அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதிக்குள் வங்கியில் செலுத்திவிட வேண்டும்.