கடை வைஃபையில் ஆள் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைகளுக்கு வைஃபை மாட்டிக் கொடுப்பது என் வேலை. சாப்பாட்டுக்கடை அண்ணன்மார் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எந்நேரம் ஆள் கூடுது, எவ்வளவு நேரம் உட்கார்றாங்கன்னு இதுல தெரியுமா?" தெரியும். ஓரளவு நல்ல ரூட்டராக இருந்தால் அதன் பதிவே போதும்.

முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள். உலகப் பொது நேரத்தில் ஓடும் ரூட்டர் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும். காலை 7 மணிக்குப் பசியாற வந்த கூட்டத்தை முந்தின இரவு 11 மணி என்று காட்டும்.

போன் சேர்ந்த நேரம், விலகிய நேரம், மேக் முகவரி (போனை வைஃபை அடையாளம் காணும் எண்), சிக்னல்: இந்த நான்கும் போதும். உட்கார்ந்த நேரத்தில் ஐந்து நிமிடம் கழியுங்கள். ஆள் எழுந்து போன பிறகும் பல ரூட்டர்கள் 300 வினாடி காத்திருந்துதான் போனைப் பட்டியலிலிருந்து நீக்கும்.

அடுத்து களையெடுப்பு. சிசிடிவி, கல்லா டேப்லெட், வேலையாட்கள் போன், மாடிவீட்டுக்காரர் எல்லாம் வெளியே. சிக்னல் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்; மேசையில் இருக்கும் போன் -50 பக்கம் காட்டும். -80இல் வந்து ஒரு நிமிடத்தில் மறைந்தால், அது மோட்டார் சைக்கிளில் கடந்து போனவர். பழகிய வைஃபையைப் போன் தானாகப் பிடித்திருக்கும். -70இல் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) கேம் விளையாடும் பள்ளிப் பிள்ளைகள். கணக்கிலிருந்து எடுங்கள், கடையிலிருந்து துரத்தாதீர்கள். ஐஸ் மைலோ வாங்குவதும் அவர்கள்தான்.

மறுபடி வருபவரைக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி வைத்துக்கொள்கிறது. முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, A, E என்று இருந்தால் அது புனைவு. வைஃபை பெயர் மாறாதவரை பெரும்பாலும் அதே முகவரிதான் வரும். அதனால் தீபாவளி வாழ்த்தென்று பெயரை மாற்றாதீர்கள்; பழைய ஆட்கள் எல்லாரும் புதியவர்களாகிவிடுவார்கள். பாஸ்வேர்டும் போடுங்கள். ஐஓஎஸ் 18 முதல், திறந்து கிடக்கும் வைஃபையில் ஐபோன் முகவரியை அவ்வப்போது மாற்றிவிடும்.

வைஃபை எண்ணிக்கை தலைக்கணக்கு ஆகாது. சொந்த டேட்டாவிலேயே இருப்பவர் நிறைய. வயதானவர்கள் இணைப்பதே இல்லை. ஒரு சனிக்கிழமை மணிவாரியாகக் கல்லா பில்லையும் எண்ணிப் பக்கத்தில் வையுங்கள். பத்து பில்லுக்கு நாலு போன் என்றால் அதுதான் உங்கள் கடை விகிதம்.

மாதச் சராசரி எடுக்கவே வேண்டாம். சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். தோட்டத்தில் காசு புரளும் அந்த வாரத்தையும் 25ஆம் தேதி வாரத்தையும் கூட்டி வகுத்தால் இரண்டுமே தெரியாது. இந்த மாதச் சம்பள வாரத்தைப் போன மாதச் சம்பள வாரத்தோடு ஒப்பிட்டு, ரொட்டி சானாய் கல்லுக்கு இன்னொரு ஆள் எந்த மணிக்கு வேண்டும் என்று பாருங்கள்.

யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று தோண்டாதீர்கள். இணைக்கும்போது பெயரும் நம்பரும் வாங்கினால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைக்க வேண்டும். நான் வாங்க விடுவதில்லை. மணிவாரி எண்ணிக்கையை நோட்டில் எழுதியதும் பதிவை அழித்துவிடச் சொல்வேன்.