இசட்/விஎம்மில் ஆபரேட்டர் கணக்கு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓணத்துக்கு முந்தின வாரம் 'ஆபரேட்டர்' யூசர்ஐடியின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தால் போதும், அந்த இடத்தில் இசட்/விஎம் (ஒரே ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் சிஸ்டம், ஒவ்வொரு யூசர்ஐடியும் ஒரு மெஷின்) கணக்குகளை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பாலக்காட்டு எல்லைப் பக்கம் சப்போர்ட் டீம் என்றால் கலவைதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்கள், பாலக்காட்டு மலையாளிகள், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக வந்துபோகிறவர்கள். ஓணத்துக்குப் பாதிப்பேர் லீவு, பொங்கலுக்கு மீதிப்பேர். ஷிஃப்டை இன்னொருவர் பார்க்க வேண்டும், உடனே ஃபோனில் பாஸ்வேர்டு கைமாறும். பண்டிகை முடிந்தாலும் அதை யாரும் மாற்றுவதில்லை.

இதற்கு இசட்/விஎம்மிலேயே வழி இருக்கிறது. எல்லா யூசர்ஐடிகளின் பதிவும் இருக்கும் டைரக்டரியில், ஆபரேட்டர் மெஷினின் பதிவில் 'லாகான்பை' என்று ஒரு வரி போட்டு, யார் யார் உள்ளே வரலாம் என்று அவரவர் யூசர்ஐடியை எழுதிவிட்டால், 'லாகான் ஆபரேட்டர் பை' என்று தன் ஐடியையும் சேர்த்து அடித்துத் தன் சொந்த பாஸ்வேர்டிலேயே நுழையலாம். ஆபரேட்டருக்குப் பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் 'எல்பிஒய்ஒன்லி' என்று எழுதினால் வேறு வழியாக யாரும் வர முடியாது. பொது மெஷின்கள் எல்லாவற்றையுமே இப்படி வைப்பதுதான் நல்லது. ஆர்ஏசிஎஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள் இருக்கும் இடத்தில் இந்த அனுமதியை அங்கே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது கிளாஸ், அதாவது யார் எந்தக் கட்டளையை அடிக்கலாம் என்ற அதிகாரப் பிரிவு. இதில்தான் சோம்பேறித்தனம் அதிகம். இசட்/விஎம்மின் மையப் பகுதியான சிபியின் கட்டளைகளை ஏ முதல் ஜி வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ சிஸ்டம் ஆபரேட்டருக்கு, பி டேப், டிஸ்க் போன்ற சாதனங்களைக் கையாள, சி சிஸ்டம் புரோகிராமருக்கு, டி ஸ்பூலுக்கு (அச்சு போன்றவற்றுக்காக வரிசையில் நிற்கும் கோப்புகள்), இ நிலவரம் பார்த்து ஆராய்கிறவருக்கு, எஃப் ஹார்டுவேர் சர்வீஸ் ஆளுக்கு, ஜி சாதாரண யூசருக்கு. புதிதாக ஒருவர் சேர்ந்ததும், பழைய பதிவைக் காப்பி அடித்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். அந்தப் பழைய பதிவு சிஸ்டம் புரோகிராமருடையதாக இருந்தால் ஏழு எழுத்தும் அப்படியே வந்துவிடும். டேப் மாட்டுகிறவருக்கு ஜியும் பியும் போதும். ஸ்பூல் பார்ப்பதானால் டி சேர்க்கலாம். ஹெல்ப் டெஸ்க்குக்கு ஜி. ஒரே ஒரு ஏ கிளாஸ் கட்டளைக்காக, உதாரணத்துக்கு இன்னொரு யூசரை வலுக்கட்டாயமாக லாக்ஆஃப் செய்யும் ஃபோர்ஸுக்காக, முழு ஏயையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஐ முதல் இசட் வரையும் 1 முதல் 6 வரையும் நாமே வரையறுத்துக்கொள்ளத்தான் காலியாக விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை ஃபோர்ஸுக்கு ஒதுக்குங்கள். ஆனால் ஓடுகிற சிஸ்டத்தில் மட்டும் மாற்றிவிட்டு விட்டால் அடுத்த ஐபிஎல்லில், அதாவது சிஸ்டத்தை மறுபடி ஏற்றும்போது, போய்விடும். சிஸ்டம் கான்ஃபிக் கோப்பிலும் எழுத வேண்டும்.

இசட்/விஎம்மின் மேல் லினக்ஸ் ஓடும் கெஸ்ட் மெஷின்களுக்கும் சிலர் இதே தாராளத்தைக் காட்டுகிறார்கள். என்ன ஆகும் என்று பாருங்கள். ஆபரேட்டர் அந்த மெஷினுக்குள் லாகான் செய்கிறார். திரையின் கீழ் மூலையில் 'சிபி ரீட்' என்று நிற்கிறது. அதாவது கெஸ்ட் நின்றுவிட்டது, இனி அடிப்பது லினக்ஸுக்குப் போகாது, சிபிக்குத்தான் போகும். அதைக் கவனிக்காமல் லினக்ஸை நிறுத்துவதாக நினைத்து 'ஷட்டவுன்' என்று அடிக்கிறார். ஜி மட்டும் இருந்தால் சிபி ஏற்காது, அதோடு சரி. ஏ இருந்தால் மொத்த இசட்/விஎம்மும், அதில் ஓடும் மற்ற எல்லா கெஸ்ட்டுகளும் சேர்ந்தே படுத்துவிடும்.

அந்த 'சிபி ரீட்' வருவதே டைரக்டரிக் குறைதான். கெஸ்ட்டின் பதிவில் 'கமாண்ட் செட் ரன் ஆன்' என்ற வரி இருந்தால் யார் உள்ளே வந்தாலும் மெஷின் நிற்காமல் ஓடும். இல்லாவிட்டால், மெஷினை மறுபடி ஓடவைக்க 'பிகின்' அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தெரியாதவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் விண்டோவை மூடிவிட்டுப் போனால், சிபி ரீட்டிலேயே துண்டிக்கப்பட்ட மெஷினை 15 நிமிடத்தில் சிபி தானே லாக்ஆஃப் செய்துவிடும், வழக்கமான அமைப்பை யாரும் மாற்றியிருக்காவிட்டால். வெளியே வரும்போது அடிக்க வேண்டியது மெஷினையே நிறுத்தும் 'லாக்ஆஃப்' அல்ல, அதை ஓடவிட்டுப் பிரியும் 'டிஸ்கனெக்ட்' என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

மினிடிஸ்க் (ஒரு டிஸ்க்கின் சில சிலிண்டர்களைப் பிரித்து ஒரு யூசருக்குக் கொடுக்கும் இடம்) விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், கையால் சிலிண்டர் எண் போடுகிறவர் டிஸ்க்மேப் ஓட்டாமல் விடக் கூடாது. இரண்டு பேரின் இடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அது காட்டிக் கொடுக்கும். 0 சிலிண்டரில் வால்யூம் லேபிள் இருக்கிறது, அங்கிருந்து யாருக்கும் ஆரம்பிக்காதீர்கள். டைரக்டரியை அமலுக்குக் கொண்டுவரும் டைரெக்ட்எக்ஸ்ஏ கட்டளையை முதலில் எடிட் ஆப்ஷனோடு ஓட்டினால் பிழை மட்டும் பார்க்கும், எதையும் மாற்றாது. டைரக்டரியைப் பராமரிக்கும் டிர்மெய்ன்ட் மென்பொருளை வைத்திருக்கும் இடத்தில், டைரக்டரி எழுதியிருக்கும் யூசர் டைரெக்ட் கோப்பைக் கையால் திருத்தவே வேண்டாம், அடுத்த முறை டிர்மெய்ன்ட் எழுதும்போது உங்கள் திருத்தம் இருக்காது. இன்னொன்று, அந்தக் கோப்பு இருக்கும், பிமெய்ன்ட் என்ற பராமரிப்பு ஐடியின் 2சிசி டிஸ்க்கை 'படிக்க மட்டும்தானே' என்று சப்போர்ட் ஆட்களுக்கு லிங்க் கொடுப்பது. ஆர்ஏசிஎஃப் இல்லாத இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் அதில் பச்சையாக எழுதியிருக்கும். படித்தால் போதாதா?

யூசர்ஐடியில் 8 எழுத்துக்கு மேல் இடமில்லை. நம் பக்கம் இது சும்மா விடுகிற சங்கதி இல்லை. முத்துக்குமார், முத்துக்குமரன், முத்துக்குமாரசாமி மூவரையும் ஆங்கிலத்தில் எழுதி எட்டாவது எழுத்தில் வெட்டினால் மூன்றும் ஒன்றே. எம், யூ, டி, எச், யூ, கே, யூ, எம். இனிஷியலைச் சேர்க்கலாம் என்றால், தமிழர் முன்னால் போடுவார், மலையாளி பின்னால் போடுவார், ஒரே டீமில் இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கும். பேசாமல் ஊழியர் எண்ணை வைத்துவிடலாம், பார்க்க அழகில்லாவிட்டாலும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவர் பதிவை அழித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மற்ற மெஷின்களின் லாகான்பை வரிகளில் அவர் ஐடி அப்படியே நிற்கும். அடுத்த வருடம் புது முத்துக்குமரனுக்கு அதே எட்டெழுத்தைக் கொடுத்தால், முதல் நாளே அவர் ஆபரேட்டர் மெஷினுக்குள் போகலாம். பழைய ஆளின் சிலிண்டர்களைத் துடைக்காமல் இந்தப் புதியவருக்கே கொடுத்திருந்தால், பழைய கோப்புகளும் படிக்கக் கிடைக்கும். பதிவை அழிக்கும் முன் டைரக்டரி முழுக்க அந்த ஐடியைத் தேடுங்கள். எக்ஸ்எடிட் என்ற எடிட்டரில் ஒரு நிமிட வேலை.